அதிர்வெண்ணை ஏற்றினால் மெஷின் அணைந்துபோகிறது, என்ன செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கும் 33 வயது வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பழைய ஆண்ட்மைனர் எஸ்19ஜே புரோ மெஷின் இரண்டை 3,600 ரிங்கிட்டுக்கு வாங்கி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் வைத்து பிட்காயின் மைனிங் செய்கிறார், அதாவது மெஷின் இரவு பகலாகக் கணக்குப் போட்டு விடை தேடும், அதற்குப் பிட்காயினில் கூலி கிடைக்கும். முதல் மாதம் பெரிய தொந்தரவு இல்லை. அப்புறம் ஒரு டெலிகிராம் குழுவில் கிடைத்த ஃபேர்ம்வேரை (மெஷினை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றி, சிப் துடிக்கும் வேகமான அதிர்வெண்ணைப் பத்து விழுக்காடு கூட்டி, வோல்டேஜை 13.7-லிருந்து 14.2-க்குக் கொண்டுபோயிருக்கிறார். திரையில் 100 டெராஹாஷ் 110 ஆனது (ஒரு டெராஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு). அன்றிலிருந்து பிரச்சினை. இருபது நிமிடம், அரை மணி ஓடியதும் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் அந்த லைனின் 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. இரண்டாவது மெஷினில் ஒரு ஹாஷ் போர்டு (சிப்புகள் பதித்த பலகை) மதியம் இரண்டு மணிவாக்கில் திரையிலிருந்து காணாமல் போய் இரவில் திரும்பி வருகிறது. மெஷின் எழுதிவைக்கும் பதிவான லாக்கில் 126 சிப் தெரிய வேண்டிய இடத்தில் 88 என்று நிற்கிறது. வீட்டில் அடிக்கடி ஒரு வாடை. பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் பார்த்தால், மூன்று முனை அடாப்டரில் செருகியிருந்த பிளக் மஞ்சளித்துப் போயிருக்கிறது.

போன மாத மின்கட்டணம் 2,480 ரிங்கிட், மெஷின் வாங்குவதற்கு முன் 190 வரும். மைனிங் பூலில் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் குழு) கிடைத்தது 1,150 ரிங்கிட். நண்பர்கள் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள்: எம்சிபியை 32 ஆம்பியராக மாற்று, ஸ்டோர் ரூமுக்கு ஏர்கோன் போடு, இல்லையென்றால் மீட்டருக்கு முன்னாலேயே லைன் எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், மாதம் ஒரு தொகை கொடுத்தால் போதும். வாசகர் என்னிடம் கேட்பது: எந்த அதிர்வெண், எந்த வோல்டேஜ் வைத்தால் மெஷின் ஆடாமல் நிற்கும்? மைனிங் செய்வதே குற்றமா, போலீஸ் வருமா? அந்த ஆளிடம் போகலாமா? மெஷினை விற்றுவிடுவதா?

தம்பி, கடிதம் கையில் கிடைத்ததும் நான் முதலில் யோசித்தது அதிர்வெண்ணைப் பற்றி இல்லை, அந்தக் கருவாட்டு வாடையைப் பற்றி. பிளக், சாக்கெட் இவற்றின் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடேறினால் மீன் கருகுவது போன்ற ஒரு வாடைதான் வரும். இந்த வேலையில் இருப்பவர்கள் அந்த வாடை வந்தால் கேள்வி கேட்காமல் மெயினை அணைப்பார்கள். நீங்களும் இதைப் படித்து முடிப்பதற்கு முன் இரண்டு மெஷினையும் நிறுத்திவிடுங்கள். மஞ்சளித்த பிளக், அந்த அடாப்டர், அது செருகியிருந்த சுவர் சாக்கெட் மூன்றும் இனி பயன்படாது. துடைத்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள்.

எம்சிபி ஏன் அரை மணிக்கு ஒருமுறை விழுகிறது

ஃபேர்ம்வேரில் ஏதோ கோளாறு, அதனால்தான் மெஷின் அணைகிறது என்று நினைக்கிறீர்கள். மெஷின் அணையவில்லை, உங்கள் வீட்டு வயரிங் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கணக்கு இப்படி: எஸ்19ஜே புரோ கம்பெனி அமைப்பில் சுமார் 3,050 வாட் இழுக்கும். சிப்பின் மின்செலவு அதிர்வெண்ணோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். நீங்கள் அதிர்வெண்ணைப் பத்து விழுக்காடு கூட்டி வோல்டேஜை அரை வோல்ட் ஏற்றியதில் செலவு பதினெட்டு விழுக்காடு கூடிப்போய், ஒரு மெஷின் ஏறத்தாழ 3,600 வாட்டுக்கு வந்துவிட்டது. 230 வோல்டில் அது பதினைந்தரை ஆம்பியருக்கு மேல். இரண்டும் ஒரே லைனில் என்றால் 31.

20 ஆம்பியர் எம்சிபி என்பது 20-ஐத் தொட்டவுடன் விழுந்துவிடும் பொருள் இல்லை. தன் அளவைப்போல 1.13 மடங்கை அது ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது தரநிலை. உங்கள் 31 ஆம்பியர் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆகவே இருபது நிமிடம், அரை மணி என்று நீங்கள் குறித்து வைத்திருப்பது அப்படியே பொருந்துகிறது. அதிர்வெண்ணை ஏற்றுவதற்கு முன்பு 26 ஆம்பியர் சொச்சம், அதாவது 1.33 மடங்கு. விழவும் செய்யலாம், விழாமலும் போகலாம் என்ற இடைப்பட்ட இடம் அது. முதல் மாதம் தொந்தரவு இல்லாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான், அப்போதும் அந்த லைன் தாங்க வேண்டியதற்கு மேல்தான் சுமந்துகொண்டிருந்தது.

எம்சிபியை 32-ஆக மாற்றச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எம்சிபி காப்பது மெஷினை இல்லை, சுவருக்குள் போகும் வயரை. வீட்டு சாக்கெட் லைனில் பெரும்பாலும் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் அந்த வயர் 31 ஆம்பியரை நாள் முழுக்கச் சுமக்கும், உள்ளேயே வெந்துகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொன்று, டிபியிலிருந்து ஸ்டோர் ரூம் வரை இருபது மீட்டர் வயர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஓட்டத்திலேயே பத்துப் பதினோரு வோல்ட் இறங்கிவிடும். மெஷினின் பவர் சப்ளைக்கு வேண்டியது குறிப்பிட்ட வாட், வோல்டேஜ் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும், வயர் இன்னும் சூடாகும். அடாப்டர் கதையும் இதேதான். 13 ஆம்பியர் ஃபியூஸ் 15 ஆம்பியரில் சட்டென்று எரியாது, சூடாகிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். மெஷினுக்கு இரண்டு வயர் கொடுத்திருப்பதே சுமையைப் பிரித்துக்கொள்ளத்தான், இரண்டையும் ஒரே பிளக்கில் கொண்டுவந்து சேர்த்தால் பிரித்ததற்கு அர்த்தமில்லை.

தொடர்ந்து ஓட்டுவதென்றால் டிபியிலிருந்து மெஷினுக்கு ஒன்றாகத் தனி லைன், தடித்த வயர், தொழிற்சாலைகளில் பார்ப்போமே அந்த நீல நிற சாக்கெட். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வந்து, வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரம் இதைத் தாங்குமா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் இதைத் தொடாதீர்கள்.

ஒரு மெஷின் என்று பார்க்காதீர்கள், 378 சிப் என்று பாருங்கள்

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "எந்த அதிர்வெண் வைக்கலாம், ஒரு எண் சொல்லுங்கள்" என்கிறீர்கள். சொன்னால் அது தவறான எண்ணாகத்தான் இருக்கும். நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் 24 ஆண்டு வேலை பார்த்தவன். ஒரே வேஃபரில் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) ஒரே நாளில் செய்த சிப்புகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று குறைந்த வோல்டேஜில் வேகமாக ஓடும், பக்கத்தில் இருந்தது அதே வேகத்துக்கு அதிக வோல்டேஜ் கேட்கும். எங்கள் வேலையே அவற்றைச் சோதித்துத் தரம் பிரிப்பதுதான்.

உங்கள் மெஷினில் மூன்று போர்டு, போர்டுக்கு 126 சிப், மொத்தம் 378. ஒவ்வொரு போர்டிலும் மூன்று மூன்று சிப்பாக 42 குழு, அந்த 42 குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். நீங்கள் 13.7 வோல்ட் கொடுத்தால் ஒரு சிப்புக்குக் கிடைப்பது வோல்டில் மூன்றில் ஒரு பங்குதான். போர்டு வழியாக ஓடும் மின்னோட்டமோ எழுபது ஆம்பியருக்கு மேல். இவ்வளவு மெல்லிய வோல்டேஜில் இவ்வளவு பெரிய ஓட்டம் போகும்போது ஒரு சிப் பலவீனமாக இருந்தாலும் அது தன் குழுவையும் பக்கத்துக் குழுக்களையும் ஆட்டிவைக்கும். போர்டு முழுவதற்கும் ஒரே அதிர்வெண் வைத்தால், அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை முடிவு செய்வது அதிலிருக்கும் மிகப் பலவீனமான சிப்தான். அடுத்த வீட்டுக்காரரின் மெஷினில் ஓடும் எண் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாததற்குக் காரணமும் இதுவே.

திரையில் 110 தெரிந்தது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். பழைய எஸ்9 மெஷினில் ஒரு சிப்புக்கு 114 கோர் (கணக்குப் போடும் சிறு பகுதி), மெஷினில் 189 சிப். ஒரு கோர் ஒரு துடிப்புக்கு ஒரு ஹாஷ் செய்யும். 114-ஐ 189-ஆல் பெருக்கி 650 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 14 டெராஹாஷ் வந்துவிடும், காகிதத்திலேயே. மெஷின் ஐடியல் என்று காட்டும் எண் இந்தப் பெருக்கல் கணக்கு. சிப் சரியான விடை சொல்கிறதா என்பது வேறு விஷயம். அதிர்வெண் அதிகம், வோல்டேஜ் போதாது என்றால் சிப் தவறான விடையைத் திருப்பி அனுப்பும், அதைத்தான் ஹார்ட்வேர் எர்ரர் என்று எண்ணுகிறார்கள். மின்சாரம் செலவாகிவிடும், பூலில் ஒரு சென்கூட ஏறாது. ஆகவே நீங்கள் நம்ப வேண்டியது பூல் தன் பக்கத்தில் ஏற்றுக்கொண்ட 24 மணி நேரச் சராசரியை மட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அது 97. எம்சிபி விழுந்த நேரம், போர்டு காணாமல் போன நேரம், தவறான விடைகள் எல்லாம் கழிந்தது போக மிஞ்சியது அது. ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவு.

அப்புறம் சூடு. இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கம்பெனி அமைப்பில் ஒரு மெஷின் தள்ளும் வெப்பம் மணிக்கு 10,400 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), இரண்டும் சேர்ந்தால் 20,800. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றுவது சுமார் 9,000. இரண்டு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு பகலாக ஓடினாலும் போதாது, அதன் கரண்டும் உங்கள் பில்லில்தான் வரும். ஆகவே ஏர்கோன் யோசனையை விட்டுவிடுங்கள். வேண்டியது குளிர்ந்த காற்று இல்லை, புதிய காற்று. வெளிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து, மெஷினைக் கடந்து, மறுபக்கம் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. உங்கள் ஸ்டோர் ரூமில் மெஷின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. மதியம் அந்த அறையில் 41 பாகை என்று எழுதியிருக்கிறீர்கள், கோலாலம்பூரில் அதே நேரம் வெளியே 33 இருந்தால் அதிகம். சிப் சூடாக ஆக அதன் கசிவு மின்னோட்டம் கூடும், அது மேலும் சூட்டைக் கூட்டும். குளிர் நாடுகளில் மெஷின் காலையில் கிளம்ப மறுப்பது உண்டு, ஏனென்றால் இவ்வளவு குறைந்த வோல்டேஜில் சிப் குளிர்ந்தால் மந்தமாகும். நமக்கு அந்தப் பக்கத்துக் கவலை இல்லை, மதியம் இரண்டு மணிதான் நம் கவலை.

நிலையான புள்ளியைக் கண்டுபிடிக்கும் விதம்

சோதனைப் பிரிவில் நாங்கள் ஒரு கட்டம் போடுவோம். குறுக்கே வோல்டேஜ், நெடுக்கே அதிர்வெண், ஒவ்வொரு கட்டத்திலும் தேறியதா தவறியதா என்ற ஒரு குறி. முடித்துப் பார்த்தால் தேறிய பகுதிக்கும் தவறிய பகுதிக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும், சரிந்து போகும் கோடு. அந்தக் கோட்டின் மேலேயே நின்றால் சிறு சூடு, சிறு வோல்டேஜ் ஆட்டம் போதும், மறுபக்கம் விழுந்துவிடுவோம். அதனால் விற்பனைக்குப் போகும் சிப்பை எப்போதும் கோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் நிறுத்துவோம். பள்ளிக்கூடக் கட்டநோட்டு ஒன்று எடுத்து இதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் அந்த டெலிகிராம் ஃபேர்ம்வேரை அழித்துவிட்டுத் தயாரிப்பாளரின் ஃபேர்ம்வேருக்குத் திரும்புங்கள். 2019 தொடக்கத்தில் ஆண்ட்மைனர்களைத் தாக்கிய ஹான்ட் என்ற கிருமி, பணம் கொடுக்காவிட்டால் மெஷினைச் சூடாக்கிக் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டியது. யார் செய்தது என்று தெரியாத ஃபேர்ம்வேர் உங்கள் ஹாஷில் ஒரு பகுதியை வேறு ஒருவர் கணக்குக்குத் திருப்பினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பிரெய்ன்ஸ், விநிஷ், லக்ஸ்ஓஎஸ் போன்றவை வெளிப்படையாகக் கட்டணம் எடுத்துக்கொண்டு சிப் சிப்பாகத் தாமே டியூன் செய்யும். வேண்டுமென்றால் அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வாரண்டி இருக்கும் மெஷினில் இதைச் செய்தால் வாரண்டி போகும், உங்களுடையதற்கு அது எப்போதோ முடிந்திருக்கும். கடவுச்சொல் இன்னும் வாங்கியபோது இருந்த ரூட், ரூட்டாகவே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டியூன் செய்யும்போது மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். கம்பெனி அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு வோல்டேஜை மட்டும் ஒரு படி குறையுங்கள், ஒரு நாள் ஓடவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. நோட்டில் ஐந்து எண் எழுதுங்கள்: பூலில் ஏறிய சராசரி, போர்டு வாரியாக ஹார்ட்வேர் எர்ரர், மதியம் இரண்டு மணிக்குச் சிப் சூடு, அதே நேரம் அறைச் சூடு, சுவர்ப் பக்கம் வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியர். எர்ரர் திடீரென்று ஏறும் படி எது என்று தெரிந்ததும் அங்கிருந்து இரண்டு படி மேலே வந்து நில்லுங்கள். அப்புறம் அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்து அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். இரவு பதினோரு மணிக்கு மழை பெய்து குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடியதை வைத்து முடிவு செய்துவிட்டால் மறுநாள் மதியம் மெஷின் உங்களைக் கைவிடும். சோதனை எப்போதும் மோசமான நேரத்தில் நடக்க வேண்டும். பத்து நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

88-ல் நிற்கும் போர்டு

இதை டியூன் செய்து சரிப்படுத்த முடியாது, முயற்சி செய்யாதீர்கள். போர்டில் கட்டளை ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குக் கைமாறிக் கைமாறித்தான் போகிறது. 88 என்று நின்றால் 88-ஆவது சிப்புக்கும் 89-ஆவதுக்கும் நடுவில் எங்கோ சங்கிலி அறுகிறது. மதியம் அறுந்து இரவில் ஒட்டிக்கொள்கிறது என்றால், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஒரு சால்டர் விரிசலை நான் முதலில் சந்தேகிப்பேன். மெயினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, அந்த போர்டை அதே மெஷினில் வேறு இடத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு போர்டோடு போனால் போர்டு, பழைய இடத்திலேயே தங்கினால் கேபிள் அல்லது கண்ட்ரோல் போர்டு. போர்டுதான் என்றால் பழுது பார்க்கிறவரிடம் அந்த லாக்கை அப்படியே காட்டுங்கள், 88 என்ற எண் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். அதுவரை இரண்டு போர்டில் ஓடட்டும். சாதாரணச் சால்டரிங் இரும்பை வைத்து நீங்களே முயன்றால் நல்ல சிப்பும் போகும்.

ரிங்கிட் கணக்கு

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் மறைத்து எழுத எனக்கு மனமில்லை. உங்கள் பில்லைப் பார்த்தால் வரி, நிதி எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 58 சென்னுக்குப் பக்கத்தில் வருகிறது. மெஷின் ஒழுங்காக ஓடிய நாட்களில் 100 டெராஹாஷுக்குப் பூல் கொடுத்தது நாளுக்குச் சராசரி 21 ரிங்கிட். கம்பெனி அமைப்பில் ஒரு மெஷின் நாளுக்கு 73 யூனிட், 42 ரிங்கிட். வருமானம் 21. தினம் 21 ரிங்கிட் நட்டம். நீங்கள் ஏற்றிய 3,600 வாட்டில் செலவு 50, எல்லாம் ஒழுங்காக நடந்து 110 டெராஹாஷ் முழுதாகக் கிடைத்தாலும் வருமானம் 23. நட்டம் 27. அதிர்வெண்ணை ஏற்றியது நட்டத்தைத்தான் ஏற்றியிருக்கிறது.

நான் சொன்னபடி இறக்கி, 75 டெராஹாஷ் 1,950 வாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல டியூனிங். செலவு 27, வருமானம் 15 ரிங்கிட் 75 சென். அப்போதும் தினம் பதினொரு ரிங்கிட் கையை விட்டுப் போகிறது. இந்த நிலையில் மெஷின் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள யூனிட் 33 சென்னுக்குக் கிடைக்க வேண்டும், செந்தூலில் உங்கள் வீட்டு மீட்டரில் அது கிடைக்காது. டெராஹாஷுக்கு 17.5 ஜூல் செலவாகும் புதிய எஸ்21 வாங்கினாலும் 58 சென்னில் இதே பூல் வருமானத்துக்குக் கட்டாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்கின் (பிட்காயின் கணக்கேட்டின் ஒரு பக்கம் போன்றது) பரிசு 6.25-லிருந்து 3.125 பிட்காயினாக இறங்கியது, 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு வாரத்தில், விடை கண்டுபிடிப்பதன் கடினமும் மாறிக்கொண்டிருக்கிறது. பிட்காயின் விலை ஏறினால் சரியாகிவிடும் என்பீர்கள். ஏறும் என்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால், மாதம் மின்சாரக் கம்பெனியான தெனாகாவுக்குக் கட்டும் அந்த 2,290 ரிங்கிட்டில் பங்குச் சந்தை ஆணையத்தில் பதிவு பெற்ற தளம் ஒன்றில் நேராகவே பிட்காயின் வாங்கியிருந்தால் உங்கள் கையில் இரண்டு மடங்கு இருந்திருக்கும்.

மீட்டருக்கு முன்னால் லைன் எடுத்துத் தரும் ஆள்

இந்தக் கணக்கு கட்டவில்லை என்பதால்தான் அந்த ஆளுக்குத் தொழில் நடக்கிறது. முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: நம் நாட்டில் பிட்காயின் சட்டபூர்வமான பணம் இல்லை, ஆனால் மின்சாரத்துக்கு ஒழுங்காகக் காசு கட்டி மைனிங் செய்வது குற்றமில்லை. சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டார் நகராண்மைக்குப் புகார் செய்யலாம், அது வேறு. வீட்டுக் கட்டணம் குடியிருப்புக்கு மட்டும் உரியது என்பதால் தொழிலாக நடத்துவதென்றால் தெனாகாவிடம் கட்டண வகையைப் பேசியாக வேண்டும், வருமான வரியிலும் காட்ட வேண்டும்.

மீட்டரைத் தாண்டி லைன் எடுத்தால் அது மின்சாரத் திருட்டு. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் அபராதமும் சிறையும் இருக்கின்றன. இழந்த மின்சாரத்துக்கு முன்தேதியிட்ட பில்லும் வரும், அது முதலில் போய் நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம், அதாவது உங்கள் வீட்டு உரிமையாளரிடம். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அந்த ஆள் சொல்லியிருப்பார். துணைமின்நிலையத்திலிருந்து எவ்வளவு போனது, அந்தத் தெருவின் மீட்டர்கள் எவ்வளவு காட்டுகின்றன என்று ஒப்பிட்டாலே இடைவெளி தெரிந்துவிடும். 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை இப்படி 13,827 இடங்கள் சிக்கியிருக்கின்றன, இழப்பு 4.6 பில்லியன் ரிங்கிட் என்பது எரிசக்தி அமைச்சு சொன்ன கணக்கு. 2021-இல் சரவாக்கின் மீரியில் பறிமுதல் செய்த 1,069 மெஷின்களைப் போலீஸ் ரோட் ரோலர் ஏற்றி நசுக்கிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள். மீட்டருக்கு முன்னால் எடுத்த லைனில் உங்கள் டிபியும் எம்சிபியும் கசிவைப் பிடிக்கும் கருவியும் குறுக்கே இருக்காது. மஞ்சளித்த பிளக்கோடு உங்கள் கதை முடிந்ததற்குக் காரணம் அந்த 20 ஆம்பியர் எம்சிபி அரை மணிக்கு ஒருமுறை விழுந்தது. அது இல்லாத லைனில் இதே தவறு நடந்தால், இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கும்போது, அணைக்க ஆள் இருக்காது. அந்த ஆளின் எண்ணை அழித்துவிடுங்கள்.

விற்பதா என்று கேட்டீர்கள். நல்ல மெஷினை விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன், இவ்வகை மெஷினின் விலை நாளுக்கு நாள் இறங்கத்தான் செய்யும். கற்றுக்கொள்ளும் ஆசை உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசை இருந்தால் பழுதான மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நல்ல போர்டை மாட்டி, குறைந்த அதிர்வெண்ணில், நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டி அந்தக் கட்டநோட்டை நிரப்புங்கள். ஆயிரம் வாட்டுக்குள் நிற்கும், புதிதாக மாற்றிய சாக்கெட்டே தாங்கும். விற்கும் மெஷினைத் தயாரிப்பாளரின் ஃபேர்ம்வேரில் ஒரு மதியம் முழுக்க ஓட்டி, மூன்று போர்டிலும் 126 தெரியும் லாக்கை வாங்குபவரிடம் காட்டுங்கள். அது சில வாரம் அதிக வோல்டேஜில் ஓடியதையும் சொல்லிவிடுங்கள். கேட்ட விலையில் நூறு ரிங்கிட் குறைத்துக் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.